ஆட்டமும் இசையும் உரையாடிய கூடம்

'விளையாட்டு வினையாகும்' என்பது நம் மூத்தோர் விட்டுச்சென்ற எச்சரிக்கை. சிரிப்பும் கேலியுமாகத் தொடங்கும் ஒன்று தீங்கில் போய் முடியலாம் என்பது அதன் கருத்து. எனினும் 'வினை' என்ற சொல்லுக்குச் செயல் என்னும் பொருளும் உண்டு. விளையாட்டே உயர்ந்த செயலாக மாறிய வரலாறுகளும் மனித குலத்தில் உண்டு. நிலம் இல்லாத, உரிமை இல்லாத, தம் உடலின்மீதுகூடத் தமக்கு உரிமை இல்லை என்று சட்டத்தால் சொல்லப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், தன் மாண்பை ஆட்டத்திலும் இசையிலும் காத்துக்கொண்டது. அந்த வரலாற்றின் ஒரு பகுதியை இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நாம் நோக்கப்போவது அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஹார்லெம் பகுதியில், 1926 முதல் 1958 வரை இருந்த 'சாவோய்' என்னும் நடனக் கூடத்தை. அங்கே இசைத்தவர்களும் ஆடியவர்களும் முன்கூட்டி எழுதிவைக்காத ஒன்றை இரவுதோறும் கூடிப் படைத்தார்கள். நம் இசை மரபில் 'மனோதர்மம்' என்று வழங்கும் பண்பு அது: இலக்கணத்தை நன்கு கற்றவர், அந்த இலக்கணத்துக்குள் நின்றே, அவ்வேளையில் தம் கற்பனையில் எழுவதைப் படைத்தளிப்பது. ஆனால் சாவோயில் மேடைமேல் இருந்தவருக்கு மட்டும் உரியதாக அது இருக்கவில்லை. பகலெல்லாம் வீட்டுவேலையும் சுமைவேலையும் செய்துவிட்டு மாலையில் வந்த எளிய மக்களுக்கும் அது உரியதாக இருந்தது.

வட்டத்தில் பிறந்த கலை

இக்கலையின் வேரைத் தேடிச் சென்றால், தெற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைகிறோம். அன்று அது பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட லூசியானாவைச் சேர்ந்தது. 1724ஆம் ஆண்டில் அங்கே நடைமுறைக்கு வந்த 'கறுப்புச் சட்டம்' அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை வேலை வாங்கக்கூடாது என்றும் விதித்தது. அதே சட்டம்தான், தப்பியோடிப் பிடிபட்ட அடிமையின் காதை அறுத்துத் தோளில் சூடு போடவும் கட்டளையிட்டது. வெவ்வேறு எசமானர்களின் அடிமைகள் ஓரிடத்தில் கூடுவதையும் அது தடைசெய்தது. ஆண்டவரின் நாளை மதிக்கச் சொன்ன சட்டம், ஆண்டவரின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதரை இவ்வாறு நடத்தியது. நம் திருச்சபையின் பெயரும் கலந்திருந்த இந்த முரண்பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் வரலாறு நமக்குக் கற்பிக்க வந்ததைக் கற்காமல் போவோம்.

ஆனால் தடையையும் மீறி அந்த மக்கள் ஞாயிறுதோறும் கூடினார்கள். சந்தை வைத்தார்கள், தம் மொழிகளில் பேசினார்கள், மேளம் கொட்டி ஆடினார்கள். 1817இல், நகரம் அமெரிக்க ஆட்சிக்குள் வந்த பிறகு, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும், நகரத்தலைவர் குறிக்கும் இடத்தில் மட்டுமே கூடலாம் என்று நகரமன்றம் ஆணை பிறப்பித்தது. அவ்வாறு குறிக்கப்பட்ட வெளியே பின்னர் 'காங்கோ சதுக்கம்' என்று பெயர் பெற்றது. 1819இல் அவ்வழியே சென்ற கட்டடக்கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப், ஐந்நூறு அறுநூறு பேர் அங்கே வட்டம் வட்டமாகக் கூடியிருந்ததைக் கண்டு தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் சிலர் ஆடினர். மேளங்களும் ஒரு நரம்புக் கருவியும் ஒலித்தன. அந்த இசை அவருக்குப் பிடிக்கவில்லை. எனினும் அவர் எழுதியதும் வரைந்ததும் இன்று நமக்குக் கிடைத்த அரிய சான்றுகளாகும்.

வட்டம் என்னும் அமைப்பு கருதத்தக்கது. அதில் முன்வரிசை, பின்வரிசை என்பது இல்லை. நடுவில் நிற்பவர் சற்று நேரம் தம் ஆட்டத்தை ஆடிவிட்டு வட்டத்துக்குத் திரும்புகிறார். அவர் இடத்துக்கு மற்றொருவர் வருகிறார். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர் மறுமொழி பாடுகிறார்கள். நடுவில் ஆடுபவரைச் சுற்றி நிற்போர் கைத்தட்டித் தாங்குகிறார்கள். தனிமனிதரின் கற்பனைக்கும் ஊராரின் துணைக்கும் ஒருங்கே இடமளிக்கும் அமைப்பு இது. ஜாஸ் இசைக்கும், அதற்கேற்ப எழுந்த ஆட்டங்களுக்கும் இவ்வமைப்பே உயிர்நாடியாக நின்றது.

பிற இடங்களில் மேளமே பறிக்கப்பட்டது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது மேளம் கொட்டி அணிதிரண்டனர். அடுத்த ஆண்டே மேளமும் கொம்பும் அடிமைகளுக்கு விலக்கப்பட்டன. மேளத்தை இழந்தவர்கள் தம் உடலையே மேளமாக்கிக்கொண்டனர். உள்ளங்கை, தொடை, மார்பு, குதிகால் ஆகியவற்றைத் தட்டி எழுப்பிய அந்தத் தாளவகைக்கு 'ஜூபா' என்பது பெயர். சட்டம் கருவியை எடுத்துக்கொள்ள முடிந்தது. தாளத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேலிக்கும் அங்கே இடமிருந்தது. எசமானர்கள் தம் மாளிகையில் விறைப்பாகக் கைகோத்து நடைபோட்டு ஆடுவதைக் கண்ட அடிமைகள், தம் முற்றத்தில் அதை மிகைப்படுத்தி ஆடிக்காட்டினர். அதுவே 'கேக் வாக்' என்னும் நடனம். முன்னாள் அடிமைகளின் நினைவுரைகளின்படி, எசமானர்களே அதைக் கண்டு களித்து, சிறந்த இணைக்குக் கேக் ஒன்றைப் பரிசாக வழங்கினார்களாம். அது தங்களைப் பற்றிய கேலி என்பதைப் பலர் உணரவே இல்லையாம். நேரே சொன்னால் சாட்டையடி கிடைக்கும் செய்தியை ஆட்டத்தில் சொன்னபோது கேக் கிடைத்தது! விளையாட்டு, வலுவற்றவரின் பேச்சாகவும் அமையக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஹார்லெமில் திறந்த கதவு

அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் இழிவு ஒழியவில்லை. தென்மாநிலங்களின் கொடுமையும் வறுமையும் தாங்காமல், 1910களிலிருந்து இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நியூயார்க்கின் ஹார்லெம் அவர்களது பெருநகரமாயிற்று. அங்கேதான் 1926 மார்ச் 12 அன்று, லெனாக்ஸ் நிழற்சாலையில், 140, 141ஆம் தெருக்களுக்கு இடையே சாவோய் கூடம் திறக்கப்பட்டது. முதலீட்டாளர்களுள் முதன்மையானவர் மோ கேல் என்ற யூத வணிகர். கூடத்தை நடத்தியவர் சார்லஸ் புக்கானன் என்ற கறுப்பினத்தவர்.

அந்நாளில் ஹார்லெமிலேயே 'காட்டன் கிளப்' என்ற புகழ்பெற்ற இரவுவிடுதி இருந்தது. மேடையில் பாடியாடியவர்கள் கறுப்பினத்தவர். அமர்ந்து காண அனுமதிக்கப்பட்டவர்களோ வெள்ளையர் மட்டுமே. சாவோயில் அந்தக் கோடு இல்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே வாயிலில் நுழைந்தனர், ஒரே தரையில் ஆடினர். அமெரிக்காவின் பெரும்பகுதியில் இவ்விரு இனத்தவரும் ஒரே மேசையில் உணவருந்தவும் முடியாத காலம் அது என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். அங்கே ஒருவரின் தகுதியைத் தீர்மானித்தது தோலின் நிறமன்று. அவர் ஆடத் தெரிந்தவரா என்பதே.

கூடத்தின் அமைப்பும் ஆட்டத்துக்கு உகந்ததாக இருந்தது. தெருவின் ஒரு பகுதியை அடைத்து நீண்டிருந்த அந்தக் கூடத்தில் மேபிள் மரத்தாலான தரை, கால்களுக்குச் சற்று வளைந்துகொடுக்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. ஆடிய கால்களால் அது தேய்ந்துபோக, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு மேடைகள் இருந்தன. ஓர் இசைக்குழு ஓயும்போது மற்றது தொடரும். இசை நிற்பதே இல்லை. இரு குழுக்களும் ஒன்றையொன்று வெல்ல முயலும் இசைப்போட்டிகளும் அங்கே புகழ்பெற்றன.

பிரிந்தும் சேர்ந்தும் ஆடிய இணை

அக்கூடத்தில் செழித்த ஆட்டத்துக்கு 'லிண்டி ஹாப்' என்று பெயர். விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் 1927இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகப் பறந்து கடந்த பின் எழுந்த பெயர் அது. 1928இல் நடந்த நெடுநேர நடனப் போட்டியொன்றில் 'ஷார்ட்டி' ஜார்ஜ் ஸ்னோடன் என்ற ஆட்டக்காரர் அப்பெயரைச் சூட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அதுவரை வழக்கிலிருந்த ஐரோப்பிய இணைநடனங்களில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பற்றிய நிலையிலேயே இறுதிவரை ஆடினர். லிண்டி ஹாப்பில் இருவரும் பற்றிய கையைத் தளர்த்தி விலகுவர். விலகிய அந்தச் சில தாளங்களில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய அடவை ஆடலாம். பின் மீண்டும் இணையவேண்டும். எட்டு எண்ணிக்கை கொண்ட இந்த அடிப்படை அடவில், ஐரோப்பாவின் இணைநடனமும் ஆப்பிரிக்க வட்டத்தின் தனியாட்டமும் கைகோத்தன எனலாம். ஒருவர் வழிநடத்த, மற்றவர் தொடர்ந்தார். ஆனால் தொடர்வது என்பது அடிபணிவது அன்று. தொடர்பவரின் கால்களும் தமக்கென்று ஒரு செய்தியைச் சொல்லும். அதைக் கேட்டு வழிநடத்துபவர் தம் அடுத்த அடியை மாற்றிக்கொள்வார். முன்பின் அறியாத இருவர்கூட ஒரு சொல்லும் பேசாமல் மூன்று நிமிடங்கள் இவ்வாறு உரையாட முடிந்தது.

இசையும் இதே ஒழுங்கில் நடந்தது. 'புளூஸ்' பாடல்களுக்குப் பன்னிரண்டு 'பார்'கள். பிற பாடல்கள் பலவற்றுக்கு முப்பத்திரண்டு. இந்தச் சட்டகம் வாசிப்பவர் அனைவருக்கும் மனப்பாடம். ஆடுவோரும் அதைச் செவியால் அறிந்திருந்தனர். சட்டகம் உறுதியாக இருந்தமையால்தான் அதனுள்ளே எவரும் துணிந்து புதிதாக இசைக்க முடிந்தது. கேன்சஸ் நகரிலிருந்து வந்த கவுன்ட் பேஸியின் குழு இதில் தனிப்புகழ் பெற்றது. ஒருவர் சிறு இசைத்தொடரொன்றை எழுப்புவார். அருகிலிருப்பவர் அதைப் பற்றிக்கொள்வார். எதிரே ட்ரம்பெட் வாசிப்போர் அதற்கு மறுமொழி சொல்வார்கள். 1937இல் பதிவான, அக்குழுவின் அடையாளப் பாடலாக விளங்கிய 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' இப்படித் தாளில் எழுதாமல் குழுவினரின் கூட்டு நினைவில் உருவானதே. அக்குழுவில் சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங், நடனமாடுவோருக்காக வாசிப்பதையே தாம் மிகவும் விரும்புவதாகவும், ஆடுவோரின் தாளம் வாசிப்பவரிடமே திரும்பி வருவதாகவும் பின்னாளில் கூறினார். இசை மேடையிலிருந்து கீழே இறங்கியது மட்டுமன்று. தரையிலிருந்து மேடைக்கும் ஏறியது.

கூன்முதுகு வேந்தர்

சாவோயின் இசைவேந்தர் எனப் போற்றப்பட்டவர் சிக் வெப். 1905இல் பால்டிமோர் நகரில் பிறந்த இவரது முதுகெலும்பை இளமையிலேயே காசநோய் தாக்கியது. உயரம் குன்றி, முதுகு வளைந்து, வலியோடு வாழ்ந்த இவர், தம் காலத்து டிரம்ஸ் கலைஞர்களுள் தலைசிறந்தவராக விளங்கினார். இசைக்குறிப்பை வாசிக்க அறியாத அவர், ஒவ்வொரு கருவிக்குரிய பகுதியையும் நினைவில் வைத்திருந்தார். உயர்ந்த மேடைமேல் அமர்ந்து, தரையில் ஆடுவோரைக் கவனித்தவாறே வாசிப்பார்.

1937 மே 11 அன்று, 'ஸ்விங் மன்னர்' என்று நாடே கொண்டாடிய பென்னி குட்மன் தம் குழுவோடு சாவோயில் சிக் வெப்புடன் போட்டியிட வந்தார். உள்ளே சுமார் நாலாயிரம் பேர்; இடமின்றி வெளியே நின்றவர்களோ பல ஆயிரம். அன்று வென்றது சிக் வெப் என்பதில் கூட்டத்துக்கு ஐயமே இருக்கவில்லை. குட்மன் குழுவின் புகழ்மிக்க டிரம்ஸ் கலைஞர் ஜீன் குருபா எழுந்து நின்று வெப்பைத் தலைவணங்கினார். நாட்டின் எத்தனையோ உணவகங்களில் வெப்புக்கு இருக்கை கிடைக்காத நாளில், ஒரு வெள்ளைக் கலைஞர் பல்லாயிரவர் அறிய அவரை வணங்கினார். தோற்றவர் வென்றவரை மனமாரப் போற்ற இடமளிப்பது விளையாட்டின் சிறப்பு. பகையில் அதற்கு இடமில்லை.

வெப்பின் குழுவில் 1935இல் சேர்ந்தவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இளம்பெண். தாயை இழந்து, தங்க வீடின்றி அலைந்தவர். 1934இல் அப்பல்லோ அரங்கில் நடந்த புதியோர் போட்டிக்கு நடனமாடவே வந்தார், முன்னே ஆடியவர்களைக் கண்டு அஞ்சி, அக்கணமே மனத்தை மாற்றிப் பாடினார், பரிசும் வென்றார். 1938இல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது, சிறுவர் விளையாட்டுப் பாடல் ஒன்றை ஸ்விங் தாளத்துக்கு மாற்றிப் பாடிய 'எ டிஸ்கெட் எ டாஸ்கெட்' என்ற பாடல். அடுத்த ஆண்டு சூன் 16 அன்று சிக் வெப் மறைந்தபோது, இருபத்திரண்டு வயதான அந்தப் பெண்ணின் பெயரிலேயே குழு தொடர்ந்தது.

தயாரிப்பும் துணிவும்

மனோதர்மம் என்றால் ஆயத்தமின்றி எதையாவது செய்துவிடுவது என்று எண்ணுவோர் உண்டு. சாவோயின் மற்றொரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தைத் திருத்தும். 1914இல் பிறந்த பிராங்கி மானிங் என்ற இளைஞர், 1935இல் நடந்த ஆட்டப்போட்டியொன்றில் தம் இணையான ஃப்ரீடா வாஷிங்டனைத் தம் முதுகின்மேல் உருட்டி எடுத்து, மறுபுறம் தரையில் தாளம் தவறாமல் இறக்கினார். லிண்டி ஹாப் வரலாற்றில் முதல் 'வானடவு' என்று அது போற்றப்படுகிறது. மெத்தை ஒன்றைத் தரையில் விரித்து, பல நாள் விழுந்து எழுந்து அவ்விருவரும் அதைப் பழகியிருந்தனர். ஆனால் போட்டியன்று எந்த நொடியில் அந்த அடவைப் போடுவது என்பதை எவரும் முன்கூட்டி அறியவில்லை. வாசித்த சிக் வெப்பின் குழுவோ அவர்களுடைய அடிகளைக் கண்டு, அவற்றைத் தன் தாளத்தில் பற்றிக்கொண்டது. பழகியது ஆட்டக்காரரின் உழைப்பு. தக்க நொடியைத் தேர்ந்தது அவரது துணிவு. அதைப் பற்றிக்கொண்டது இசைக்குழுவின் கவனம். மூன்றும் கூடியதால் அந்தக் கணம் பிறந்தது.

தவறுக்கும் இங்கே தனி மதிப்பு உண்டு. 1960 பிப்ரவரியில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பெர்லின் நகரில் பாடிக்கொண்டிருந்தபோது, 'மேக் த நைஃப்' என்ற பாடலின் வரிகள் நடுவே மறந்துபோயின. அவர் பாட்டை நிறுத்தவில்லை. தாம் மறந்துவிட்டதையே ராகத்தோடு பாடினார். அப்பாடலை முன்பு பாடியவர்களின் பெயர்களைச் சேர்த்தார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலைப் போலப் பாடிக்காட்டினார். அவையோர் ஆரவாரித்தனர். தவறோடு நிகழ்ந்த அந்தப் பாடலே இசைத்தட்டாக வெளிவந்து கிராமி விருதையும் பெற்றது. கச்சிதத்தையே கடவுளாகக் கொள்ளும் மனத்துக்கு இது வியப்பாகத் தோன்றலாம். விளையாடத் தெரிந்த மனமோ, தடுக்கிய இடத்திலிருந்தே அடுத்த அடியை எடுத்துவைக்கிறது.

நிழல்கள்

சாவோயை ஒரு விண்ணகமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. அது ஆதாயம் கருதிய வணிகக் கூடமே. அதன் சுவர்களுக்கு வெளியே வேலையின்மையும் வாடகைச் சுரண்டலும் காவல்துறையின் கெடுபிடியும் இருந்தன. அங்கே வேந்தராகப் போற்றப்பட்ட கலைஞர்கள், தென்மாநிலப் பயணங்களில் விடுதிகளில் இடமின்றித் தவித்தனர். 1943 ஏப்ரலில், ஒழுக்கக்கேடு நடப்பதாகக் குற்றம்சாட்டி அதிகாரிகள் கூடத்தையே மூடினர். இரு இனத்தவரும் சேர்ந்து ஆடியதே உண்மைக் காரணம் என்று ஹார்லெம் மக்கள் நம்பினர். அக்டோபரில் அது மீண்டும் திறக்கப்பட்டது.

ஆட்டமும் இசையும் மெல்ல மெல்லப் பிரிந்தும் போயின. 1938 சனவரி 16 அன்று, செவ்வியல் இசைக்குரிய கார்னகி மன்றத்தில் பென்னி குட்மனின் ஜாஸ் கச்சேரி நடந்தது. மக்கள் இருக்கையில் அமர்ந்து கேட்டனர். ஜாஸ் இசைக்கு அது பெரும் மதிப்பைத் தேடித்தந்தது என்பதில் ஐயமில்லை. அதே இரவில் சாவோயில் சிக் வெப்பும் கவுன்ட் பேஸியும் மோதினர். கார்னகியில் வாசித்த பேஸியும் அவர் தோழர்களும் அங்கிருந்து நேரே ஹார்லெமுக்கு விரைந்தனர். இசைக்கு இனி இரண்டு வீடுகள் என்பதை அவ்விரவு அறிவித்தது போலும். பின்னர் போர்க்காலத்தில், 1944இல், ஆட்டமும் பாட்டும் நடக்கும் கேளிக்கை இடங்களின்மீது அரசு முப்பது விழுக்காடு வரி விதித்தது. அவ்வாண்டே அது இருபதாகக் குறைக்கப்பட்டும் சுமை குறையவில்லை. ஆட்டமில்லாத வெறும் கருவியிசைக்கு அவ்வரி இல்லை. சிறு விடுதிகள் ஆடுதரையை அகற்றி நாற்காலிகளைப் போட்டன. புதிதாக எழுந்த 'பீபாப்' இசையும் கூர்ந்து கேட்பதற்குரிய கலையாக வளர்ந்தது. 1958இல் சாவோய் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. பிராங்கி மானிங் அஞ்சலகத்தில் பணிக்குச் சேர்ந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே உழைத்தார்.

கோவிலுக்குள் வந்த இசை

இவ்விடத்தில் மேரி லூ வில்லியம்ஸ் என்ற பியானோ கலைஞரை நினைவுகூராமல் செல்ல இயலாது. 1910இல் பிறந்து, கேன்சஸ் நகரில் ஆண்டி கர்க்கின் நடன இசைக்குழுவில் பல ஆண்டுகள் வாசித்தவர், இசையமைத்தவர். 1954இல் புகழின் உச்சியில் இருந்தபோதே மனச்சோர்வால் மேடையைத் துறந்தார். நியூயார்க் திரும்பி, செபத்திலும், போதைப்பழக்கத்தால் சீரழிந்த இசைத்தோழர்களுக்கு உதவுவதிலும் நாள்களைக் கழித்தார். 1957இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இசையையே விட்டுவிட எண்ணிய அவரை, அதுவும் இறைவன் தந்த கொடையே என்று சொல்லி, குருக்களும் நண்பர்களும் மீண்டும் பியானோவிடம் அனுப்பினர்.

1962இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட மார்ட்டின் தெ போரசைப் போற்றி அவ்வாண்டே அவர் ஒரு பாடலை அமைத்தார். பெரு நாட்டின் லீமா நகரில் விடுதலை பெற்ற கறுப்பின அடிமைத் தாய்க்குப் பிறந்த புனிதர் அவர் என்பதை வாசகர் அறிவர். பின்னர் மேரி லூ திருப்பலிக்கென அமைத்த இசைக்கு 1971இல் ஆல்வின் எய்லி என்ற நடன மேதை ஆட்டம் அமைத்தார். 1975இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் அந்த இசையோடு திருப்பலி நிறைவேறியது. அடிமைகள் ஞாயிறுதோறும் சதுக்கத்தில் வளர்த்த இசை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, பேராலயத்தின் பீடத்தருகே வந்து நின்றது. அது விருந்தாளியாக வரவில்லை. வெகுகாலம் வெளியே நிறுத்தப்பட்டிருந்த பிள்ளையாகவே வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

மீண்டும் கேட்ட அழைப்பு

1980களில் கலிபோர்னியாவிலும் ஸ்வீடனிலும் இருந்த சில இளைஞர்கள், பழைய திரைப்படங்களில் லிண்டி ஹாப்பைக் கண்டு வியந்து, அதை ஆடியவர்களைத் தேடிக்கொண்டு நியூயார்க் வந்தனர். எழுபது வயதைக் கடந்திருந்த பிராங்கி மானிங் முதலில் தயங்கி, பின் கற்பிக்க இசைந்தார். பல நாடுகளுக்குச் சென்று கற்பித்தார். 2002 மே 26 அன்று, சாவோய் நின்ற இடத்தில் நினைவுப் பலகையை, தம் பழைய தோழி நோர்மா மில்லருடன் சேர்ந்து திறந்துவைத்தார். மானிங் 2009இலும், மில்லர் 2019இலும் மறைந்தனர்.

ஆட்டம் பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு மறைவான ஓர் இடர் உண்டு. பழைய படங்களில் உள்ள அடவுகளை அப்படியே உருப்போட்டு ஆடினால், உருவம் மிஞ்சும், உயிர் போய்விடும். அந்தப் படங்களில் உள்ளவர்கள் எவரையும் பார்த்து ஆடவில்லை. எதிரே நின்றவரைப் பார்த்தே ஆடினார்கள். பதிவுசெய்த இசைக்கும் இதே குறை உண்டு. அது நமக்கு இனிமை தரும். ஆனால் நம்மைப் பார்க்காது. நாம் களைத்தால் அது தணியாது. நாம் துள்ளினால் அது துள்ளாது. சிக் வெப் தம் மேடையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாசித்தாரே, அந்தப் பார்வைக்கு ஈடு செய்யும் கருவி ஏது?

இவ்வரலாற்றை எண்ணும்போது மூன்று உண்மைகள் நம் உள்ளத்தில் தெளிகின்றன. உரிமையும் ஒழுங்கும் பகைவர் அல்லர். அனைவரும் அறிந்த பொதுவான சட்டகம் இருந்ததால்தான் எளியவரும் துணிந்து புதிது புனைந்தனர். புதிது புனைவதற்கு முதல் தேவை திறமையன்று, செவிசாய்த்தல். தன்னை மட்டுமே கேட்டுக்கொள்பவர் தனியே ஆடலாம், கூடி ஆட இயலாது. மூன்றாவது, விளையாடுவோர் ஒருவரையொருவர் பொருளாக நடத்த முடியாது. விற்கவும் வாங்கவும் கூடிய பண்டம் என்று சட்டத்தால் எழுதப்பட்ட மனிதர், வட்டத்தின் நடுவில் வந்து தம் அடவை ஆடிய கணத்தில், அந்தச் சட்டம் பொய் என்பதைத் தம் கால்களாலேயே மெய்ப்பித்தார்.

அவர்கள் காத்துவைத்தது வெறும் ஆட்டத்தையன்று. எதிரே நிற்பவர் அடுத்து என்ன செய்வாரோ என்று அச்சமின்றி, ஆவலோடு காத்திருக்கும் மனத்தை அவர்கள் காத்துவைத்தனர். இல்லங்களிலும் அன்பியங்களிலும் மன்றங்களிலும், ஒருவர் பேசி முடிக்குமுன்னே அவருக்குரிய மறுமொழியை ஆயத்தம் செய்துகொள்ளும் நமக்கு, அந்த மனம் கொஞ்சம் வாய்த்தால் நன்று. மேபிள் மரத் தரை என்றோ தேய்ந்து போயிற்று, கூடமும் இல்லை. பிறருக்கு இடம்விட்டு, அவர் அடியைக் கேட்டு, பிறகு நம் அடியை எடுத்துவைக்கும் அந்தப் பண்பு மட்டும் இன்றும் கற்பார்க்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.